வேர் இல்லாத பல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசினால் என் குரல் எனக்கே கேட்காது. ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். சின்ன வயதில் செய்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கலாம். என்னுடையது ஒரு பல்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு செம்மண் சரளை மேடு. அங்கே ஆள் உயரப் பாறைக் கற்களை வட்டம் வட்டமாக நட்டிருக்கும். யார் நட்டது என்று நாங்கள் கேட்டதில்லை. மாடு மேய்க்கப் போகிறவர்கள் துவைத்த துணியை அவற்றின் மேல் உலர்த்துவார்கள். இப்போது அந்த மேட்டில் பாதி வீட்டு மனை. கல்லுக்குப் பக்கத்திலேயே மனைக்கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

நான் ஆறாவது படித்த வருஷம், மாசி மாதத்தில், ஒரு சார் ஜீப்பில் வந்தார். கல்வட்டத்துக்கு அடியில் தோண்டிப் பார்க்க வந்தவர். பானை, இரும்பு, மணி எல்லாம் கிடைத்தாலும் அவர் மனசு அதில் இல்லை. புதைத்த மனிதர்களைத்தான் தேடினார், அதிலும் பல்லை. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் எலும்பு கரைந்துபோய்விடுமாம். பல்லின் மேல்பூச்சுதான் கடைசிவரை தாங்குமாம். ஊரே அவருக்குப் பல்லு சார் என்று பெயர் வைத்துவிட்டது.

தோண்டுகிற வேலையைத் தொடங்கும் முன்பே அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமை ஆசிரியரிடம், "செத்தவங்க பல்லைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல உயிரோட இருக்கறவங்க பல்லைப் பாக்கணும் சார்" என்றார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு பாடம் மாதிரியும் நடத்தினார்.

இரண்டு கை புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார். பாதிக் கொட்டைகளைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கச் சொன்னார். வகுப்பு முழுக்கத் தேய்க்கிற சத்தம், சூடான கொட்டையின் வாசனை. பிறகு, "உங்க உடம்புல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் அப்பாகிட்டேருந்து ஒரு கொட்டை, அம்மாகிட்டேருந்து ஒரு கொட்டை" என்று ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் என் பக்கத்துப் பெண்ணின் கையில் வைத்து மூடினார். "கறுப்பு தெரியும், வெள்ளை ஒளிஞ்சிருக்கும். ஆனா போயிடாது. உங்க புள்ளைங்க கைக்குப் போகும்போது திரும்ப வெளிய வரலாம்." எல்லாமே இவ்வளவு சுலபமில்லை, சிலவற்றுக்குப் பல கொட்டைகள் சேர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

கடைவாயில் கடைசிப் பல் முளைக்க இடமில்லாமல் பெரியவர்கள் ஏன் அவதிப்படுகிறார்கள் என்று விளக்கும்போது, நெருப்பில் சமைத்து மிருதுவானதைத் தின்னத் தொடங்கிய பிறகு தலைமுறை தலைமுறையாகத் தாடை சின்னதாகிவிட்டது என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "அப்ப நாமெல்லாம் கொரங்குக்குப் பொறந்தவங்களா சார்?" என்றான். தலைமை ஆசிரியர் பிரம்பைத் தேடினார். பல்லு சார் சிரித்தார்.

"குரங்கு நமக்குப் பாட்டன் இல்லப்பா. பங்காளி. ஒரு பாட்டனுக்கு ரெண்டு பக்கம் பிரிஞ்சு போன குடும்பம்."

"பங்காளின்னா நெலத்துல பங்கு கேக்குமே சார்."

"அதான் உங்க கொல்லைல வந்து வேர்க்கடலை பறிக்குது."

தலைமை ஆசிரியர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக அச்சு எடுத்தார்கள். கரண்டி மாதிரி ஒரு தகரத்தில் இளஞ்சிவப்புக் களிம்பை நிரப்பி வாய்க்குள் அழுத்துவார்கள். ஓம வாட்டர் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். தொண்டை வரை குமட்டும். எடுத்த பள்ளத்தில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அது சூடாகி இறுகிவிடும். அப்புறம் பார்த்தால் நம் வாய் நம் கண் முன்னால் மேசையில் உட்கார்ந்திருக்கும். அடியில் பெயரை எழுதி பிஸ்கட் டின்னில் அடுக்கினார்கள்.

என் அச்சைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தார். மேல்வரிசையில், கடைவாய்ப் பால் பல்லின் உட்பக்கத்தில், அரிசி நொய் அளவுக்கு ஒரு மேடு இருந்தது. "இது எல்லாருக்கும் இருக்காது. நல்லா தெளிவா இருக்கும்மா உனக்கு" என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. என்னிடம் பார்க்கத் தகுந்தது ஒன்று இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க நாக்கு நுனியால் அந்த மேட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அந்த மேடு குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க, சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அப்பா நெல் அறுத்த கையோடு நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னதும் கையால் பொத்திக்கொண்டார். "என் வாயில இன்னா சார் கீது, பொகையில கறைதான் கீது." அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி அடுப்படிக்குள் போய்விட்டாள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதுதான் என்றிருந்தபோது அத்தை முன்னால் வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். திருக்கழுக்குன்றத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லை என்று மாமியார் வீட்டார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"என் வாயப் பாக்கறீங்களா சார்?" என்றாள். "இத மூட வெக்கறதுக்குத்தான் இந்த வூட்ல அல்லாரும் பாடுபட்டுகினு கீறாங்க."

சார் டார்ச் அடித்துப் பார்த்தார். அத்தையின் நிலைத்த பல்லிலும் அதே இடத்தில் அதே மேடு இருந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "உங்க அண்ணன் வாயைத் திறக்காமலே பதில் கிடைச்சிடுச்சு" என்றார்.

"அப்ப எங்கிட்டருந்து இவளுக்கு ஒண்ணு போயிருக்குதா?"

"உங்ககிட்டேருந்து நேரா இல்லம்மா. உங்க அப்பா அம்மாகிட்டேருந்து உங்களுக்கும் வந்திருக்கு, உங்க அண்ணன் வழியா இவளுக்கும் வந்திருக்கு."

"எப்டியோ ஒண்ணு. எங்கிட்ட கீறது இவகிட்டயும் கீதில்ல" என்று அத்தை என் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

அத்தையின் தைரியம் சாருக்குப் பிடித்துப்போயிற்று. மறுவாரம் மேட்டில் வேலை தொடங்கியபோது மண் சலிக்க அவளைச் சேர்த்துக்கொண்டார்.

தோண்டியெடுக்கிற மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு கூடையிலும் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டு செருகியிருக்கும். மூன்று சவுக்குக் கம்பு நட்டு அதில் சல்லடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். அத்தை ஒரு சல்லடையில், மேல்தெருக்காரி ஒருத்தி இன்னொன்றில். தலையிலிருந்து கால் வரை செம்மண் படிந்து அத்தை வீட்டுக்கு வரும்போது கண் மட்டும்தான் தெரியும்.

சார் ஒன்று சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும், கிடைத்ததையெல்லாம் கழுவிப் பிரித்து வைக்கச் செங்கல்பட்டில் ஒரு கிடங்கு எடுத்திருக்கிறார்கள். இரண்டு சல்லடைக்காரிகளில் கண் கூர்மையானவள் யாரோ அவளை அங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வார். கிடங்கிலேயே ஒரு அறையும் உண்டு.

இதே நேரத்தில் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஆள் வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள், கைக்கு ஆள் வேண்டும், வந்துவிடச் சொல் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவுக்கு அது நல்ல சேதியாகத் தெரிந்தது. தங்கையை அவர்களே கூப்பிடுகிறார்களே என்று.

"பொண்டாட்டியா கூப்பிடல அண்ணா, பாத்திரம் தேய்க்கக் கூப்பிடறாங்க" என்றாள் அத்தை.

"எங்க தேய்ச்சா இன்னா. அது உன் வூடு."

"கெடங்கு வேல கெடச்சா நான் போவல."

"கெடச்சா பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அம்மாவுக்கு அத்தை போனால் தேவலை என்று இருந்தது எனக்குத் தெரியும். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் எடுத்துக் கழுவிக்கொண்டு, பேசாமல் சண்டை போடுவார்கள்.

பங்குனி பாதியில் ஒரு குழிக்குள், செத்தவர்களை வைத்துப் புதைக்கிற, கால் வைத்த மண் பேழை ஒன்று கிடைத்தது. மாட்டுத் தொட்டி மாதிரி நீளமாக, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்களோடு. சார் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேழைக்குள்ளிருந்து எடுத்த மண் முழுவதும் அத்தையின் சல்லடைக்கு வந்தது. மூன்று நாளாகச் சலித்தாள். ஓட்டுத் துண்டு, இரும்புத் துரு, அதைத் தவிர ஒன்றும் விழவில்லை. மேல்தெருக்காரியின் சல்லடையிலோ சிவப்பு மணிகள் கைநிறையக் கிடைத்தன.

நான் மதியம் அத்தைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் சார் மேஸ்திரியிடம் சொன்னது காதில் விழுந்தது. "சனிக்கிழமையோட மூடிடலாம். ஒரு பல்லு, ஒரே ஒரு பல்லு கிடைச்சிருந்தா போதும்."

மேஸ்திரி அத்தை பக்கம் திரும்பி, "இன்னாம்மா, தூங்கிகினே சலிக்கிறியா? அந்தப் பக்கம் அந்த அம்மா மணி மணியா எடுக்குது" என்றார்.

"மண்ணுல இருந்தாத்தானே வரும். நானா பெத்துப் போடறது?" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே முகம் சுருங்கிப் போனாள்.

நொய் அளவு மேடு இருந்த என் பால் பல் ஆடத் தொடங்கிச் சில நாளாகியிருந்தது. வியாழக்கிழமை காலையில் அத்தை அதில் நூலைக் கட்டி, வேறு ஏதோ பேசிக்கொண்டே இழுத்துவிட்டாள். வலிக்கவே இல்லை. பல்லைக் கழுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேட்டுக்குப் போனாள். அம்மா வழக்கம்போலச் சாணி உருண்டைக்குள் பல்லை வைத்து, "கூரை மேல போட்டுட்டு வா, அப்பத்தான் நல்ல பல்லு மொளைக்கும்" என்று என் கையில் தந்தாள்.

நான் பின்பக்கம் போனேன். உருண்டையைப் பிட்டுப் பல்லை எடுத்துப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டு, வெறும் சாணியைக் கூரையில் எறிந்தேன். சார் லென்ஸ் வைத்துப் பார்த்த பல்லை எலியும் காக்காயும் எடுத்துப் போகிற இடத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை. கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் அத்தை ஏறி இரண்டு காய் பறித்தாள். இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மாவும் என்னோடு மேட்டுக்கு வந்தாள். ஊரே பேசுகிற மண் தொட்டியை அவளும் பார்க்க வேண்டுமாம். வேலையாட்கள் புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா கூடைகளுக்குப் பக்கத்தில் நின்று குழியை எட்டி எட்டிப் பார்த்தாள். சலிக்க வேண்டிய கூடைகள் இன்னும் நான்கோ ஐந்தோதான் பாக்கி. அந்தக் கூடைகள் தீர்ந்தால் அத்தை திருக்கழுக்குன்றம் போய்விடுவாள்.

நான் ஒரு கல்லுக்குப் பின்னால் போய்ப் பல்லை எடுத்தேன். எச்சில் தொட்டுச் செம்மண்ணில் உருட்டி உருட்டி, பளபளப்புப் போகிற வரை தேய்த்தேன். திரும்பி வந்து, அம்மா குழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேழைச் சீட்டு செருகிய கூடைக்குள் விரலைவிட்டு ஆழமாக அழுத்தினேன். ஈர மண் குளிர்ச்சியாக இருந்தது. விரலை எடுத்ததும் பள்ளம் தானாக மூடிக்கொண்டது.

பல் கிடைத்தபோது அத்தை சத்தம் போடவில்லை. சல்லடையை நிறுத்திவிட்டு ஒரு கையைத் தூக்கினாள், வகுப்பில் பதில் தெரிந்தவர்கள் தூக்குவது போல. சார் ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார். பல்லைப் பஞ்சில் வைத்து, பஞ்சைத் தீப்பெட்டியில் வைத்து, தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் டீயை அத்தையிடம் நீட்டினார். "இது ஒரு குழந்தை பல்லும்மா. இந்தப் பேழைல ஒரு குழந்தையைப் படுக்க வச்சிருக்காங்க" என்றார். பிறகு, "திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கு வந்துடுங்க" என்றார்.

அன்று அத்தை தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் விசிலடிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா, "பொம்பள விசிலடிக்காத" என்றார், ஆனால் அவரும் சிரித்தார். எனக்குச் சாமியே நான்தான் என்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சார் வந்தார். கூடவே மேஸ்திரி. ஜீப்பிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். முகத்தைப் பார்த்ததும் அத்தை தலையில் வைத்த பூவை எடுத்துவிட்டாள்.

சார் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தீப்பெட்டியைத் திறந்து, கழுவின பல்லைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு குழந்தை செத்துப்போயிருந்தா பல்லு வேரோட இருக்கும். இதுல வேர் இல்லை பாருங்க. மண்ணு கரைச்சிருந்தா உள்ள இருக்கறதும் போய் மேல்பூச்சு மட்டும் வெறும் ஓடா மிஞ்சியிருக்கும். கீழேருந்து முளைக்கிற புதுப் பல்லுக்கு வழிவிட்டு பால் பல்லோட வேர் கரைஞ்சு போயிடும். அதனாலதான் அது ஆடி விழுது. இது உயிரோட இருக்கற குழந்தை வாயிலேருந்து விழுந்த பல்லு."

பிறகு டின்னிலிருந்து என் அச்சை எடுத்தார். அதன் கடைவாய்ப் பக்கத்தில் பல்லைப் பிடித்தார். நொய் அளவு மேடு, அதன் பக்கத்தில் ஒரு கீறல், இரண்டும் இரண்டிலும் அப்படியே இருந்தன.

என் முன்னால் குனிந்தார். "இது உன் பல்லுதானேம்மா?"

தலையாட்டினேன்.

"யார் பிடுங்கினது?"

"அத்த."

அதுவரை நான் சொன்னது உண்மை. அத்தை, "நான் புடுங்கி அண்ணிகிட்ட குடுத்துட்டேன் சார்" என்றாள். அம்மா, "நான் சாணில வெச்சு இவகிட்ட குடுத்து கூரைல போடச் சொன்னேன். போட்டியாடி?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா, அம்மா, சார், மேஸ்திரி, வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய்.

அம்மா எந்தக் கள்ளமும் இல்லாமல், "அன்னிக்கு சாய்ந்தரம் சொரக்கா பறிக்க இவ அத்ததான் கூரைல ஏறினா" என்றாள்.

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் வெக்கல சார்" என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். அப்பா, "ஏம்மா இப்டி பண்ண? வேலதான் வேணும்னா கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றதும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் யாருகிட்டயும் புகார் சொல்லப் போறதில்ல" என்றார் சார். "ஆனா இவங்க சலிச்ச எதையும் இனிமே நான் நம்ப முடியாது." அத்தை ஒரு மாதமாக எடுத்துக் கொடுத்ததையெல்லாம் சாக்கில் கட்டி, 'சந்தேகம்' என்று சீட்டு ஒட்டி ஓரமாகப் போட்டுவிட்டதாக மேஸ்திரி பிறகு சொன்னார்.

இப்போது யோசித்தால் சார் மேல் எனக்குக் கோபமில்லை. பல்லைப் பார்த்து அவர் சொன்னது எல்லாமே சரி. யாருடையது, எப்படி விழுந்தது, எல்லாம். யார் வைத்தது என்பதை மட்டும் அவர் பல்லிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

அன்று சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். சார் இன்னும் ஒரு வாரம் மேட்டில்தான் இருந்தார். தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாராவது மறுபடி கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "எம் பொண்ணு வாயத் தொறக்காது, அவ்ளோ நல்ல பொண்ணு" என்று சொல்வாள்.

சித்திரைக்கு முன் அத்தையைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். தகரப் பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் தலையை மட்டும் வெகுநேரம் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையின் கனத்தை வைத்து நான் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அத்தைக்குத் தெரியும், நான்தான் என்று தெரிந்தே எனக்காக வாயை மூடிக்கொண்டாள் என்று. அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவளுக்கே தெரியும் என்றால் நான் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது?

அத்தை அதன் பிறகு எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பி கல்யாணத்துக்கும் வரவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வருவதில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா பத்திரிகை கொடுத்துவிட்டு வந்து, "உங்க அத்தைக்கு நான் இன்னா கொற வெச்சேன்? வாய்ல தண்ணி ஊத்திகின மாதிரி ஒக்காந்துகினு இருந்தா" என்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது அத்தை வந்தாள். தெருமுனையிலேயே நின்றாள். உள்ளே வந்து முகம் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

நான் இப்போது கேளம்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற வீட்டுக் குழந்தைகள். போன மாதம் ஒரு பெண் குழந்தைக்குச் சப்பாத்தி கடிக்கும்போது பல் விழுந்தது. போனில் சொன்னேன். "பத்திரமா வைங்க ஆன்ட்டி, அவளோட முதல் பல்" என்றாள் அதன் அம்மா. டிஷ்யூவில் வைத்து மடிப்பதற்கு முன் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை. சின்னப் பள்ளம், விளிம்பில் துளி ரத்தம். நான் மடிக்காமல் அதையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் குழந்தை, "உங்களுக்கு வலிக்குதா ஆன்ட்டி?" என்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை கொழுந்தனார் மகன் வீட்டில், பின்பக்க அறையில் இருக்கிறாள். ஒரு ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறாள். மின்விசிறிக் காற்றில் பூண்டுத் தோல் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. "வா, ஒக்காரு. தலைல தோல் ஒட்டும், பாத்துக்க" என்றாள். நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன். பத்துப் பன்னிரண்டு பல் உரித்திருப்பேன்.

"அத்த, அந்தப் பல்ல கூடைல வெச்சது நான்தான்."

"எந்தப் பல்லு?" என்றாள். ஆனால் அவள் கை நின்றுவிட்டது.

சொன்னேன். சாணி உருண்டை, பாவாடை முடிச்சு, கல்லுக்குப் பின்னால் தேய்த்தது, எல்லாம். "உனக்கு வேல கெடைக்கட்டும்னுதான் வெச்சேன். அப்புறம் பயந்துட்டேன்." நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தது சொல்லி முடிக்க அவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆனது.

அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அல்லது, எனக்குத் தெரியும் போ என்பாள் என்று. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கம்மா இல்லியா?"

எனக்குப் புரியவில்லை.

"பல்ல அண்ணி கைலதான குடுத்தேன். மேட்டுக்கு ஒருநாளும் வராதவ அன்னிக்கு வந்தா. கூடைங்க பக்கத்துலயே நின்னுகினு இருந்தா. சார் கேக்கசொல்ல, சொரக்கா பறிக்க ஏறினான்னு அவதான் எட்த்துக் குடுத்தா. வேற யாருன்னு நெனைப்பேன்? என்ன வூட்ட விட்டுத் தொரத்தறதுக்கு கொழந்த பல்லக்கூட வுடலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது அத்த."

"சாகற வரிக்குமா?"

"ஒண்ணும் தெரியாது. உனக்கு இன்னா கொற வெச்சேன்னு கேட்டுகினேதான் இருந்துச்சு."

அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவசரமாக, "பஸ் ஸ்டாண்டுல நீ என் தலைய தடவினியே. உனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"கொழந்தய நடுவுல வெச்சு இப்டி பொய் சொல்ல வெச்சுட்டாளேன்னு பாவமா இருந்துச்சு உன்னப் பாக்க. அதான் தடவினேன்."

முன்பக்கத்தில் யாரோ டி.வி. போட்டார்கள். அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெனம் திட்டுவேன்" என்றாள். "காலைல எழுந்து மொகம் கழுவசொல்லவே ஆரம்பிச்சுடுவேன். நாசமாப் போன்னு. அவளுக்கு ஒடம்பு முடியலன்னு சேதி வந்தப்பகூட, ஆவட்டும்னு சொன்னேன். தெருமுன வரிக்கும் வந்துட்டு மொகம் பாக்காமத் திரும்பி வந்தேன்."

"எல்லாம் என்னாலதான் அத்த."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்கிற யோசனையே அவள் முகத்தில் இல்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோனது போல இருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இப்ப எங்கிட்ட வந்து சொல்லிட்ட" என்றாள். "நான் யாருகிட்டடி போய் சொல்லுவேன்?"